வணக்கத்தலத்தின் வெளிச்சமும் அண்டையார் உரிமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

அண்டை வீட்டாரின் உரிமை பற்றிப் பேசும்படி நிர்வாகத்தார் கேட்டுக்கொண்டார்கள். இத்தலைப்பில் குழம்பு வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டுக்கும் கொடுப்பது முதலான நபிமொழிகளை நீங்கள் மிம்பரிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இன்று அதே தலைப்பின் இன்னொரு பக்கத்தை, சட்டத்தோடும் கட்டடத்தோடும் சம்பந்தப்பட்ட பக்கத்தை, எடுத்துக்கொள்கிறேன். லண்டன் மாநகரில் ஒரு பழமையான வணக்கத்தலத்தைச் சார்ந்தவர்கள், தங்கள் தலத்தை ஒட்டி எழவிருந்த வானளாவிய கட்டடத்தைச் சட்டவழியில் எதிர்த்து நின்ற செய்தி அது. அந்த வணக்கத்தலம் பள்ளிவாசல் அன்று. அது யூதர்களின் சினகாக்.

'இந்தக் காலத்திலா ஹஜ்ரத் யூதர்களின் கதையைச் சொல்வது?' என்று உங்களில் சிலர் மனத்திற்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. பாலஸ்தீன மண்ணில் நம் சகோதரர்கள் பட்டதும் படுவதும் நம் நெஞ்சை எரிக்கத்தான் செய்கிறது. ஆயினும் ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியிலிருந்து தவறச் செய்துவிட வேண்டாம் என்று சூரத்துல் மாயிதாவின் 8ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கின்றான். அங்கே ஆயுதம் ஏந்தியவன் செய்த அநீதிக்காக, இங்கிலாந்தில் முன்னூறு ஆண்டுகளாக ஓர் உள்முற்றத்தில் தொழுதுவரும் மக்களின் நியாயத்தை நாம் கேட்க மறுப்பது தீனில் இல்லாத காரியம். மேலும் சூரத்துல் ஹஜ்ஜின் 40ஆம் வசனத்தில் அல்லாஹ் பாதுகாக்கப்பட வேண்டிய இடங்களாக மடங்களையும் தேவாலயங்களையும் 'ஸலவாத்'தையும் பள்ளிவாசல்களையும் வரிசையாகக் கூறுகின்றான். அந்த 'ஸலவாத்' என்னும் சொல் யூதர்களின் வணக்கத்தலங்களைக் குறிக்கும் என்பதே முஃபஸ்ஸிரீன்களில் பெரும்பாலோரின் விளக்கம்.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நம்முடைய யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதன் பின்னரே, அண்டையாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் தமக்குத் தொடர்ந்து உபதேசித்தார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை அறிவித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது இருக்கிறது. அண்டையாரின் உரிமை பற்றி நாம் அடிக்கடி சொல்லும் அந்த நபிமொழி, ஒரு யூத வீட்டுக்குப் போக வேண்டிய இறைச்சியைப் பற்றிய பேச்சில்தான் நமக்கு எடுத்துச் சொல்லப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி லண்டனுக்கு வருவோம். 1290ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் யூதர்களை நாட்டை விட்டே வெளியேற்றினார். ஏறத்தாழ 366 ஆண்டுகள் கழித்து, 1656இல், கிராம்வெல்லின் ஆட்சியில்தான் அவர்கள் வெளிப்படையாக வாழ இடம் கிடைத்தது. அப்படி வந்து குடியேறியவர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். 1492ஆம் ஆண்டு நமக்கும் மறக்க முடியாத ஆண்டு. கிரானடா வீழ்ந்தது அந்த ஆண்டின் தொடக்கத்தில். ஸ்பெயினின் யூதர்கள் வெளியேற்றப்பட்டது அதே ஆண்டின் நடுவில். அங்கே எஞ்சிய முஸ்லிம்கள் பலவந்தமாக மதம் மாற்றப்பட்டு, அவர்களுடைய சந்ததியினரும் 1609 முதல் 1614 வரை விரட்டப்பட்டார்கள். ஒரே கொடுமையில் அகதிகளான இரு கூட்டத்தார் நாமும் அவர்களும். அன்று அந்த யூதர்களில் பெருந்தொகையினருக்குப் புகலிடம் கொடுத்தவர் உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஜீது அவர்கள்.

லண்டனில் குடியேறியவர்களின் கூட்டம் பெருகியதால் 1699இல் புதிய வணக்கத்தலம் கட்ட ஒப்பந்தம் செய்தார்கள். 1701இல் அது திறக்கப்பட்டது. லண்டனின் பழைய நகரப் பகுதியில், பெவிஸ் மார்க்ஸ் என்னும் தெருவை ஒட்டி, ஒரு வாயில் வழியாக நுழைந்து செல்லும் உள்முற்றத்தில் அது இருக்கிறது. தெருப்பெயரே அதற்கும் பெயராயிற்று. கட்டிக்கொடுத்த கொத்தனார் ஜோசப் ஏவிஸ் என்பவர் கிறிஸ்தவர். குவேக்கர் பிரிவைச் சார்ந்தவர். இறைவனின் இல்லத்தைக் கட்டி இலாபம் எடுக்கக் கூடாது என்று மிச்சப்பட்ட பணத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அச்சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். (நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கும் இப்படிப்பட்ட காண்டிராக்டர்கள் கிடைக்க அல்லாஹ் அருள்புரிவானாக!)

உள்ளே பன்னிரண்டு தூண்கள், ஏழு பெரிய பித்தளைச் சரவிளக்குகள். விசேஷ நாட்களில் இன்றும் மெழுகுவர்த்திகளையே ஏற்றுகிறார்கள். மற்ற நேரங்களில் உயரமான வளைவுச் சன்னல்கள் வழியாக வரும் பகல் வெளிச்சத்தில்தான் வேதத்தையும் பிரார்த்தனைப் புத்தகத்தையும் பெரிதும் ஓதுகிறார்கள். உலகப் போரின் விமானக் குண்டுவீச்சிலும் அது தப்பியது. 1992, 1993 ஆண்டுகளில் அயர்லாந்து தீவிரவாதிகள் அப்பகுதியில் வைத்த குண்டுகளால் சேதமடைந்து, பழுது பார்க்கப்பட்டது. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு உள்ள மூன்று தரங்களில் மிக உயர்ந்த முதல் தரம் அதற்குக் கொடுக்கப்பட்டுள்ளது. முன்னூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழிபாடு நின்றுபோகாமல் நடந்துவருகிறது என்பது அதன் தனிச்சிறப்பு.

ஆபத்து வேறு வழியில் வந்தது. அந்தப் பழைய நகரப் பகுதியில் இன்று குடியிருப்போர் மிகவும் குறைவு. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களுமே அதிகம். 1992ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பில் பாழான ஒரு கட்டடத்தின் இடத்தில் 2004இல், மக்கள் வேடிக்கையாக 'கெர்கின்', அதாவது ஊறுகாய் வெள்ளரிக்காய் என்றழைக்கும் 180 மீட்டர் கோபுரம் எழுந்தது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ. 2020இல் 62 மாடிகளோடு 278 மீட்டர் உயரத்தில் ஒன்று முடிந்தது. ஒவ்வொரு கோபுரமும் எழும்போது அந்த முற்றத்தின் வானம் ஒரு துண்டு குறைந்தது. இந்நிலையில் சினகாகுக்கு மிக அருகில், பெரி வீதி 31ஆம் எண் மனையில், 48 மாடிக் கட்டடத்துக்கு ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது.

இங்கே அந்நாட்டு நடைமுறையைச் சற்று விளக்குவது அவசியம். அங்கே பெரிய கட்டடத்துக்கான விண்ணப்பம் மறைவாகப் போவதில்லை. வரைபடங்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்; மனைக்கருகில் அறிவிப்பு ஒட்டப்படும்; குறிப்பிட்ட நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதி அனுப்பலாம். பிறகு அதிகாரிகள் ஓர் அறிக்கை தயாரித்துப் பரிந்துரை செய்வார்கள். ஆனால் முடிவு செய்வது உறுப்பினர்கள் அடங்கிய குழு. பரிந்துரைக்கு மாறாகவும் அக்குழு முடிவு செய்யலாம். காரணத்தை மட்டும் எழுத வேண்டும்.

சினகாகைச் சார்ந்தவர்கள் உணர்ச்சிவசப்பட்டுக் கூச்சலிடவில்லை. வெளிச்சத்தை அளக்கும் நிபுணர்களை அமர்த்தினார்கள். மாதிரி வரைபடங்கள் செய்தார்கள். கட்டட நிறுவனத்தார், இது குறைக்கும் வெளிச்சம் சிறிதளவுதான் என்றார்கள். சமூகத்தாரின் பதில், பிரச்சினையின் உயிர்நாடியைத் தொட்டது: 'இதற்கு முன் வந்தவர்களும் சிறிதளவுதான் என்றார்கள். ஒவ்வொருவரும் சிறிதளவு எடுத்துக்கொண்டு போன பிறகு எஞ்சியிருப்பதில்தான் நீங்கள் சிறிதளவு கேட்கிறீர்கள். தனித்தனியாக அளக்காதீர்கள், மொத்தமாக அளந்து பாருங்கள்' என்பதே அதன் கருத்து.

இரண்டாவது ஆட்சேபம் நமக்கு மிகவும் நெருக்கமானது. யூதர்களுடைய மாதமும் நம்மைப் போல் பிறையை வைத்தே தொடங்குகிறது. மாதத்தின் முற்பகுதியில், வளர்பிறையைக் கண்ணால் பார்த்து, திறந்த வானத்தின் கீழ் நின்று கூட்டாக ஓதும் ஒரு பிரார்த்தனை அவர்களுக்கு உண்டு. அந்த முற்றத்தில் நின்றே அதை ஓதி வந்திருக்கிறார்கள். ஏற்கெனவே கோபுரங்கள் மறைத்ததுபோக எஞ்சிய வானத்தின் வழியாகத்தான் நிலவு தென்படுகிறது. இந்தக் கட்டடம் எழுந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும் என்றார்கள். ரமளான் பிறைக்காக மேற்கு வானத்தைத் தேடி மாடி மாடியாக ஏறும் நமக்கு இந்த வருத்தத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2021 அக்டோபரில் குழு கூடியது. அதிகாரிகள் அனுமதி அளிக்கலாம் என்றே பரிந்துரைத்திருந்தார்கள். எனினும் குழு பெரும்பான்மை வாக்கால் விண்ணப்பத்தை நிராகரித்தது. சினகாகின் மீதும் அதன் முற்றத்தின் மீதும் கட்டடம் கவிந்து நின்று நிழல் விழச்செய்யும் என்பது ஒரு காரணம். 'டவர் ஆஃப் லண்டன்' என்னும் உலகப் புகழ்பெற்ற பழங்கோட்டையின் தோற்றத்துக்கு ஊறு நேரும் என்பது மற்றொரு காரணம்.

அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. 48 மாடி 43 மாடியாகிப் புதிய விண்ணப்பமாக மீண்டும் வந்தது. சமூகத்தார் மீண்டும் அளந்து, மீண்டும் எழுதி, மீண்டும் குழுவின் முன் நின்றார்கள். இதற்கிடையே 2024இல் சினகாகையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பாதுகாப்புப் பகுதியாக மாநகராட்சி அறிவித்தது. 2024 டிசம்பரில் 43 மாடித் திட்டமும் நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்வதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் வழியுண்டு. இன்னொரு வரைபடத்தோடு வருவதற்கும் தடையில்லை. மனை அங்கேயே இருக்கிறது. அதன் விலையும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆகையால் இத்தகைய எதிர்ப்பில் இறுதி வெற்றி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

பெரியோர்களே! இப்போது மஸ்அலாவுக்கு வருகிறேன். தன் சொந்த மனையில் ஒருவன் எவ்வளவு உயரம் கட்டினால் என்ன, அடுத்தவனுக்கு அதைத் தடுக்க என்ன உரிமை என்ற கேள்வி நம் ஃபிக்ஹு கிதாபுகளில் மிக விரிவாக ஆராயப்பட்ட ஒன்று. தூனிஸ் நகரத்தில் இப்னுர் ராமீ என்ற ஒரு கொத்தனார் ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் கட்டடச் சட்டங்களுக்கென்றே தனி நூல் எழுதினார். சுவர், சன்னல், சாக்கடை, புகை, அண்டை வீட்டு முற்றத்தை எட்டிப் பார்க்கும் வாசல் என்று அவர் தொடாத தகராறு இல்லை. ஆலிம்கள் எழுதிய நூல்களுக்கிடையே, கரண்டி பிடித்த கை எழுதிய நூல் அது.

ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடிப்படைக் கருத்து, உடைமையாளன் தன் உடைமையில் விரும்பியதைச் செய்யலாம் என்பதே. அதுதான் கியாஸுக்கும் பொருந்தும். ஆனால் பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் இஸ்திஹ்ஸானின் அடிப்படையில், அண்டையானுக்கு அப்பட்டமான, கடுமையான தீங்கு ஏற்படுமானால் உடைமையாளனைத் தடுக்கலாம் என்று ஃபத்வா கொடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், ஒவ்வொருவரும் தத்தம் உடைமையில் வழக்கத்துக்கு உட்பட்டு நடந்துகொள்ளலாம், வரம்பு மீறினால் அவர் பொறுப்பாளி என்ற கருத்தை எழுதியிருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் வேர், தீங்கு செய்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்ற கருத்துடைய நபிமொழி. நவவீ (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் அது 32ஆவதாக இருக்கிறது. அண்டையானின் அனுமதியின்றிக் காற்றை மறைக்கும்படி கட்டடத்தை உயர்த்தாதே என்று தெளிவாகச் சொல்லும் ஓர் அறிவிப்பும் மக்களிடையே பிரபலம். ஆனால் அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலையினர் கூறியுள்ளதால், அதை நான் ஆதாரமாக முன்வைக்கவில்லை.

கடுமையான தீங்கு என்றால் எது? அதற்கு அளவுகோல் என்ன? உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரையுள்ள ஆண்டுகளில் ஹனஃபீ சட்டத்தைத் தொகுத்த 'மஜல்லா'வின் 1201ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. காற்று மறைவதும், காட்சி மறைவதும், வெயில் விழாமல் போவதும் கடுமையான தீங்கு ஆகாது. வெளிச்சம் அறவே அடைபடுவதுதான் கடுமையான தீங்கு. ஒரே சன்னலுள்ள அறையில் எழுத்தைப் படிக்க இயலாதபடி இருட்டு உண்டாகுமானால் அந்தக் கட்டடத்தைத் தடுக்க அண்டையானுக்கு உரிமையுண்டு. எவ்வளவு எளிமையான அளவுகோல் பாருங்கள்! கருவி வேண்டாம், நிபுணர் வேண்டாம். கையில் ஒரு கிதாபை எடுத்து விரித்துப் பார்த்தால் போதும்.

ஆங்கிலேயரின் சட்டமும் வேறொரு பாதையில் நடந்து ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1832ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, ஒரு சன்னல் வழியாக இருபது ஆண்டுகள் இடையூறின்றி வெளிச்சம் வந்திருந்தால் அது அக்கட்டடத்துக்குரிய உரிமையாகிவிடும். 1904இல் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் அதற்கு எல்லை வகுத்தது: முன்பிருந்த வெளிச்சம் முழுவதும் அப்படியே வேண்டும் என்று கேட்க முடியாது, சாதாரண மனிதத் தேவைக்குப் போதுமான வெளிச்சம் எஞ்சுகிறதா என்பதே கேள்வி. அதாவது எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதைவிட எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம். இந்த இடத்தில் சற்று நிதானித்துச் சிந்தித்தால், 'மொத்தமாக அளந்து பாருங்கள்' என்ற சினகாக் சமூகத்தாரின் வாதத்துக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பது விளங்கும். நிறைய வெளிச்சமுள்ள இடத்தில் ஒரு பங்கு எடுத்தவன் குற்றவாளி ஆகமாட்டான். அதே பங்கைக் கடைசியில் வந்து எடுப்பவனால்தான் கிதாபிலுள்ள எழுத்து மறைகிறது.

எனினும் அந்த உரிமையை மட்டும் நம்பி அவர்கள் இருந்திருந்தால் காரியம் நடந்திருக்காது. ஏனெனில் வெளிச்ச உரிமை பெரும்பாலும் காசாக மாறிவிடும் உரிமை; நஷ்டஈடு வாங்கிக்கொண்டு வழிவிடு என்று சொல்லப்படுவதுண்டு. 2016ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, உள்ளாட்சி அமைப்பின் திட்டத் தேவைக்காக எடுக்கப்பட்ட நிலத்தில் இத்தகைய உரிமைகளை மீறிக் கட்டவும், பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிடவும் இடமளிக்கிறது. பிறை தெரியாமல் போனதற்கு எத்தனை பவுன் விலை? அதை யார் வாங்கிக்கொள்வது? வணக்கத்தலத்தின் இழப்பைப் பணத்தால் சரிக்கட்ட முடியாது என்பதை வக்ஃபுச் சொத்தின் தன்மை அறிந்த நாம் நன்றாக உணர்வோம்.

அவர்களுக்குக் கைகொடுத்தது இன்னொரு சட்டம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களைப் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, அனுமதி வழங்குவோர் அந்தக் கட்டடத்தை மட்டுமல்லாமல் அதன் சூழமைவையும் காப்பாற்றுவதில் தனிக்கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. இதன் பொருள் என்ன என்பது நார்தாம்ப்டன்ஷயரில் வந்த வேறொரு வழக்கில் தெளிவாயிற்று. அங்கே சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் கட்டத் தொடங்கி, முற்றுப்பெறாமலே நிற்கும் ஒரு பழைய மாளிகையின் அருகில் நான்கு காற்றாலைகளை நிறுவ அரசுத் தரப்பு ஆய்வாளர் அனுமதி தந்துவிட்டார். உள்ளூர் மன்றமும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகளும் நீதிமன்றம் சென்றன. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதி இரத்தானதை உறுதி செய்தது. தீங்கு மிகப் பெரியதல்ல என்று ஆனாலும்கூட அதைத் தராசில் சாதாரணமாக வைக்கக் கூடாது, கனமான எடையாகவே வைக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 'சிறிதளவுதானே' என்ற பேச்சுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு கடிவாளம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மஜல்லாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு காழீ இந்த வழக்கை விசாரித்திருந்தால், வெளிச்சத்தைப் பொறுத்தவரை அளந்து தீர்ப்பளித்திருப்பார்; நிலவு தெரியும் காட்சி மறைவதைப் பற்றி அவர் தடை விதித்திருப்பாரா என்பது சந்தேகமே. காட்சி மறைவது கடுமையான தீங்கல்ல என்று அந்தப் பிரிவே சொல்கிறதல்லவா? ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்ட நாளில் 48 மாடிக் கட்டடம் என்பது மனிதர் எண்ணத்திலேயே இல்லை. ஒரு சுவர் மறைத்தால் நாலு அடி நகர்ந்து வானத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த காலம் அது. வழக்கத்துக்கு உட்பட்டு என்று நவவீ (ரஹ்) அவர்கள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குள், இன்றைய உயரங்களுக்கான விடையும் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து. ஆலிம்கள் இதை இன்னும் ஆராய வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கொத்த சட்டம் உண்டு. மத்திய அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்றும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கூறுகிறது. ஆனால் பட்டியலில் ஏறாத பழம் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் இந்த வேலி இல்லை. ஆகையால் பள்ளியின் நிலப்பத்திரங்கள், பழைய புகைப்படங்கள், சன்னல்களின் அளவு, இன்ன திசையில் இத்தனை அடி திறந்த வெளி என்ற குறிப்பு ஆகியவற்றை இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு கோப்பாகத் தயாரிக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். லண்டனில் காரியம் நடந்ததற்குப் பாதிக் காரணம், அவர்களிடம் தாள் இருந்தது.

பள்ளிவாசலுக்கு அண்டையார் தீங்கு செய்யக் கூடாது என்பதோடு இந்த மஸ்அலா நின்றுவிடுவதில்லை. பள்ளிவாசலும் ஒரு அண்டை வீடுதான். உமர் (ரழி) அவர்கள் கலீஃபாவாக இருந்து மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க முனைந்தபோது, நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரழி) அவர்களின் வீடு இடையில் இருந்தது. விலைக்குக் கேட்டார்கள், அப்பாஸ் (ரழி) மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரழி) அவர்களிடம் சென்றது. அல்லாஹ்வின் இல்லத்துக்காகவே ஆனாலும் ஒருவர் மனம் ஒப்பாமல் அவர் வீட்டை எடுக்க முடியாது என்று, கலீஃபாவுக்கு எதிராக அவர்கள் தீர்ப்புச் சொன்னதாக அறிவிப்பில் வருகிறது. உமர் (ரழி) அதற்குக் கட்டுப்பட்டார்கள். அதன் பிறகே அப்பாஸ் (ரழி) தம் வீட்டை மனமுவந்து தர்மமாகக் கொடுத்தார்கள்.

நமது பள்ளிக்கு மேலும் ஒரு மாடி எழுப்பும் யோசனை இப்போது நிர்வாகக் குழுவின் முன் இருக்கிறது. ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், தேவை நியாயமானதே. பள்ளியின் வடபுறச் சந்தில் நான்கு வீடுகள் இருக்கின்றன. இரண்டு நம்மவர்களுடையவை, இரண்டு பிற சமயத்தாருடையவை. அந்நான்கு வீட்டுக்கும் சமையற்கட்டுச் சன்னல் நம் பள்ளிச் சுவரைப் பார்த்தே இருக்கிறது. இஞ்சினியர் வரைபடத்தைக் கொண்டுவரும்போது, அதில் தலைவர் கையெழுத்திடும் முன், அந்நான்கு வீட்டாரையும் பள்ளி அலுவலகத்துக்கு அழைத்து விரித்துக் காட்ட வேண்டும் என்றும், பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சமையற்கட்டுகளில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை நம் ஆட்கள் நேரில் சென்று பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்றும் இந்தப் பொதுக்குழுவின் முன் ஒரு கோரிக்கையாக வைத்து அமர்கிறேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.